அஞ்சல் சர்வருக்குச் சொந்த டிஎன்எஸ் கேஷ் தேவையா?

சிறிய கல்வி அமைப்பு ஒன்றின் மின்னஞ்சல் சர்வரைக் கவனிக்கும் பொறுப்பில் சில காலம் நாமும் இருந்தோம். ஒரு நாள் காலை, உதவித்தொகைக்கு விண்ணப்பித்த பிள்ளைகளின் பெற்றோர் ஒருவர் பின் ஒருவராகத் தொலைபேசியில் அழைத்தார்கள். அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டதாம். 'உங்கள் ஐபி முகவரி தடுப்புப் பட்டியலில் இருக்கிறது' என்று அதில் எழுதியிருந்ததாம். விண்ணப்பிக்க இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது.

சர்வரில் பழுது ஏதும் தெரியவில்லை. இடம் போதுமான அளவு இருந்தது, மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. லாக்கைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. முந்தைய நாள் மாலையிலிருந்து வந்த எல்லாக் கடிதங்களையும், யார் அனுப்பியது என்ற வித்தியாசம் இல்லாமல், நம் சர்வரே குப்பை அஞ்சல் என்று திருப்பி அனுப்பியிருந்தது. முந்தைய நாள் நாம் செய்திருந்த மாற்றம் ஒரே ஒரு வரி. 'வேகமாக இருக்கும்' என்று சொல்லக் கேட்டு, டிஎன்எஸ் கேட்கும் இடத்தைப் பிரபலமான ஒரு பொது டிஎன்எஸ் சேவைக்கு மாற்றியிருந்தோம்.

அந்த ஒரு வரி எப்படி இத்தனை கடிதங்களைத் திருப்பியது? அஞ்சல் சர்வர் வைத்திருப்பவர்கள் டிஎன்எஸ் கேஷையும் அதே இயந்திரத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமா? ஜமாஅத், மதரஸா, அறக்கட்டளை, சிறு வணிகம் ஆகியவற்றுக்காகச் சொந்தமாக அஞ்சல் சர்வர் நடத்தும் சகோதரர்களும், இந்தத் துறையில் வேலை செய்யும் நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஆம், வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்குப் பலரும் சொல்லும் 'வேகம்' என்ற காரணம் முக்கியக் காரணம் அல்ல.

டிஎன்எஸ் என்றால் என்ன?

இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் எண்ணால் ஆன முகவரி உண்டு. மனிதர்களுக்கு எண் நினைவில் நிற்காது, பெயர்தான் நிற்கும். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் ஏற்பாடுதான் டிஎன்எஸ்.

இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே கோப்பில் இருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்டு ஆய்வு நிறுவனத்தில் அந்தக் கோப்பைப் பராமரித்தார்கள். மற்றவர்கள் அவ்வப்போது பிரதி எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக இது சாத்தியப்படவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் புதிய ஏற்பாடு ஒன்றை வகுத்தார். பெயர்களை எல்லாம் ஓரிடத்தில் குவிக்காமல், அவரவர் டொமைனின் பட்டியலை அவரவரே வைத்துக்கொள்வது, எதை யாரிடம் கேட்க வேண்டும் என்பதை மட்டும் மேலே இருப்பவர் சொல்வது என்பதே அந்த ஏற்பாடு. 1987இல் திருத்தி எழுதப்பட்ட அதன் விதிமுறைகள்தான் இன்றைக்கும் அடித்தளமாக இருக்கின்றன.

ஒரு பெயரைத் தேடும்போது முதலில் ரூட் சர்வரிடம் கேட்க வேண்டும். ஏ முதல் எம் வரை 13 பெயர்களில் ரூட் சர்வர்கள் இருக்கின்றன. அது 'டாட் காம்' பற்றித் தெரிந்தவரைக் காட்டும். அவர் அந்தக் குறிப்பிட்ட டொமைனின் சர்வரைக் காட்டுவார். கடைசியில் அந்தச் சர்வர்தான் பதில் சொல்லும். இப்படி ஒவ்வொரு படியாக ஏறி இறங்கிப் பதிலைக் கொண்டுவருவதற்கு ரிகர்சிவ் ரிசால்வர் என்று பெயர். நம் கணினிகள் பொதுவாக இந்த வேலையைச் செய்வதில்லை. இணைய நிறுவனத்தின் ரிசால்வரிடமோ, 2009இல் கூகுள் தொடங்கிய 8.8.8.8, 2018இல் கிளவுட்ஃபிளேர் தொடங்கிய 1.1.1.1 போன்ற பொது ரிசால்வரிடமோ கேட்டு, கிடைத்த பதிலை வாங்கிக்கொள்கின்றன.

ஒரு முறை கிடைத்த பதிலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்வதுதான் கேஷ். எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பதை டொமைனின் உரிமையாளரே குறிப்பிட்டிருப்பார். அதற்கு டிடிஎல் என்று பெயர், விநாடிக் கணக்கில் இருக்கும். 3600 என்றால் ஒரு மணி நேரம். 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்ற பதிலையும் குறிப்பிட்ட நேரத்துக்கு நினைவில் வைத்துக்கொள்ளலாம். அதற்கான விதிமுறை 1998இல் தெளிவாக வரையறுக்கப்பட்டது.

ஒரு கடிதத்துக்கு எத்தனை கேள்விகள்?

வீட்டில் ஒருவர் இணையப் பக்கம் பார்க்கும்போதும் டிஎன்எஸ் கேள்விகள் எழும். ஆனால் அஞ்சல் சர்வரின் நிலை வேறு. வெளியே இருந்து ஒரு கடிதம் வந்தால், அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யவே அது பல இடங்களில் விசாரிக்கிறது.

முதலில், அனுப்புபவரின் ஐபி முகவரிக்கு என்ன பெயர் என்று கேட்கிறது. கிடைத்த பெயர் மீண்டும் அதே ஐபி முகவரிக்குத் திரும்புகிறதா என்று சரிபார்க்கிறது. அடுத்து எஸ்பிஎஃப்: இந்த டொமைனின் பெயரில் அனுப்ப இந்த ஐபி முகவரிக்கு அனுமதி உண்டா என்பது. ஒரு எஸ்பிஎஃப் பதிவு வேறு பதிவுகளைக் காட்டும், அவை இன்னும் சிலவற்றைக் காட்டும். இது முடிவில்லாமல் போகக் கூடாது என்பதற்காக, ஒரு சோதனையில் மேற்கொண்டு டிஎன்எஸ் கேட்க வைக்கும் குறிப்புகள் பத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2014இல் வெளியான விதிமுறை வரம்பு கட்டியிருக்கிறது. பிறகு டிகேஐஎம் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி, டிமார்க் கொள்கை ஆகியவற்றைக் கேட்கிறது. அதன்பின் தடுப்புப் பட்டியல்கள். ஸ்பாம்அசாசின் போன்ற வடிகட்டி இருந்தால், கடிதத்தின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு இணைப்பின் டொமைனையும் தனித்தனியாக விசாரிக்கும்.

நாம் வெளியே அனுப்பும்போதும் கேள்விகள் உண்டு. பெறுபவரின் டொமைனுக்கு அஞ்சல் வாங்கும் சர்வர் எது, அதன் ஐபி முகவரி என்ன, அதோடு பேசும்போது எந்தச் சான்றிதழை நம்பலாம் என்று கேட்க வேண்டும்.

ஆக, ஒரே ஒரு கடிதம் வந்து சேர்வதற்குள் பல பத்துக் கேள்விகள் போய்வருவது சாதாரணம். கடிதத்தின் தலைவிதி இந்தப் பதில்களில்தான் இருக்கிறது. பதில் தவறானால் தீர்ப்பும் தவறாகிவிடும்.

வேகம் எவ்வளவு கூடும்?

சொந்தக் கேஷ் இருந்தால் வேகம் கூடும் என்பது உண்மைதான். இரண்டாவது முறை அதே கேள்வி வரும்போது பதில் அதே இயந்திரத்திலிருந்து கிடைக்கிறது. பெரிய சர்வருக்கு இது நல்ல சேமிப்பு. ஒரே டொமைனிலிருந்து நூற்றுக்கணக்கான கடிதங்கள் வருகிற இடத்தில் அந்த டொமைனின் எஸ்பிஎஃப் பதிவை ஒவ்வொரு முறையும் வெளியே போய்க் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு நாளைக்கு நூறு, இருநூறு கடிதம் வரும் சிறு சர்வரில் பயன் குறைவு. இரண்டாவது கடிதம் வருவதற்குள் டிடிஎல் முடிந்திருக்கும். தடுப்புப் பட்டியல் கேள்விகள் ஒவ்வொரு ஐபி முகவரிக்கும் வேறுவேறு. அதனால் நினைவில் இருப்பது அடிக்கடி உதவாது. சொல்லப்போனால் முதல் முறை கேட்கும்போது பொது ரிசால்வர்தான் வேகமாகப் பதில் தரலாம், ஏனென்றால் வேறு யாரோ ஏற்கெனவே அதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். மேலும், ஒரு கடிதம் அரை விநாடி தாமதமாக வந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வேகத்துக்காக மட்டும் என்றால், சிறு சர்வருக்குக் கேஷ் வேண்டும் என்று நாம் வற்புறுத்த மாட்டோம்.

கேட்பவர் யார் என்பதே முக்கியம்

முக்கியக் காரணம் தடுப்புப் பட்டியல்தான். 1997இல் பால் விக்ஸியும் டேவ் ராண்டும் குப்பை அஞ்சல் அனுப்பும் முகவரிகளைத் தொகுத்து முதல் பட்டியலை உருவாக்கினார்கள். அத்தகைய பட்டியல்கள் டிஎன்எஸ் வழியாகவே கிடைக்கின்றன. அனுப்புபவரின் ஐபி முகவரியைத் தலைகீழாகத் திருப்பி, அதன் பின்னால் பட்டியலின் பெயரைச் சேர்த்துக் கேட்க வேண்டும். 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்று பதில் வந்தால் அந்த முகவரி பட்டியலில் இல்லை. 127.0.0.2 போன்ற ஒரு பதில் வந்தால் பட்டியலில் இருக்கிறது என்று பொருள்.

இன்று அதிகம் பயன்படும் பட்டியல்கள் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பினுடையவை. ஸ்டீவ் லின்ஃபர்ட் 1998இல் தொடங்கியது இது. குறைந்த அளவில், வணிக நோக்கமின்றிப் பயன்படுத்துவோருக்கு அவர்கள் இலவசமாகத் தருகிறார்கள். அதிகமாகப் பயன்படுத்துவோர் கட்டணம் செலுத்த வேண்டும். இதில்தான் பிரச்சினை வருகிறது. நம் கேள்வி பொது ரிசால்வர் வழியாகப் போனால், ஸ்பாம்ஹவுஸின் கண்ணில் படுவது நம் சர்வர் அல்ல, அந்தப் பொது ரிசால்வர். அதன் பின்னால் இருக்கும் பெருங்கூட்டத்தில் யார் சிறியவர், யார் கட்டணம் கட்ட வேண்டியவர் என்று பிரித்தறிய வழி இல்லை. அதனால் பொது ரிசால்வர்களிலிருந்து வரும் இலவசக் கேள்விகளை அவர்கள் மறுத்துவிடுகிறார்கள்.

மறுப்பதை அவர்கள் ஒரு தனிப் பதிலால் தெரிவிக்கிறார்கள். 127.255.255.254 என்று வந்தால் 'பொது ரிசால்வர் வழியாகக் கேட்கிறீர்கள்' என்று பொருள். 127.255.255.255 என்றால் 'அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள்'. 127.255.255.252 என்றால் 'பட்டியலின் பெயரைத் தவறாக எழுதியிருக்கிறீர்கள்'. இந்த மூன்றும் கடிதத்தைப் பற்றிய தீர்ப்பு அல்ல, கேட்பவருக்கான எச்சரிக்கை.

சர்வர் இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் இரண்டு விதமான கேடு உண்டு. 'எந்தப் பதில் வந்தாலும் பட்டியலில் இருப்பதாக எடுத்துக்கொள்' என்று அமைத்திருந்தால், எச்சரிக்கையையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வருகிற எல்லாக் கடிதங்களையும் திருப்பிவிடும். நமக்கு நடந்தது இதுதான். மாறாக, எச்சரிக்கைப் பதிலைப் பொருட்படுத்தாதபடி அமைத்திருந்தால் எதுவும் நடக்காதது போலத் தோன்றும், ஆனால் பட்டியல் வேலை செய்யாது. குப்பை அஞ்சலும், வங்கியின் பெயரில் வரும் மோசடிக் கடிதங்களும் தடையின்றி உள்ளே வரும். மாதக் கணக்கில் இப்படியே ஓடினாலும் கவனிக்க மாட்டோம். இரண்டாவதுதான் அதிக ஆபத்து என்பது நம் கருத்து. முதலாவதில் யாராவது தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடுவார்கள்.

கடிதத்தின் உள்ளே இருக்கும் இணைப்புகளைச் சோதிக்கும் யூஆர்ஐபிஎல் பட்டியலும் இப்படித்தான் மறுக்கிறது. ஸ்பாம்அசாசின் அப்போது 'யூஆர்ஐபிஎல் பிளாக்ட்' என்ற குறிப்பைக் கடிதத்தின் தலைப்பில் எழுதிவைக்கும். நிர்வாகிக்கு எழுதப்பட்ட குறிப்பு அது. பல சர்வர்களில் ஆண்டுக்கணக்காக யாரும் படிக்காமல் கிடக்கிறது.

நம் சர்வரிலேயே ரிகர்சிவ் ரிசால்வர் இருந்தால் கேள்வி நம் சொந்த முகவரியிலிருந்து போகும். நாம் கேட்பது எவ்வளவோ அவ்வளவுதான் நம் கணக்கில் சேரும். சிறு சர்வருக்கு இலவச வரம்பே போதுமானது.

இரண்டாவது காரணம்: பதிலை நம்புவது

2008இல் டான் காமின்ஸ்கி என்ற பாதுகாப்பு ஆய்வாளர், ரிசால்வரின் கேஷில் பொய்யான பதிலை எளிதாகப் புகுத்த முடியும் என்று காட்டினார். உலகெங்கும் மென்பொருள்களை அவசரமாகத் திருத்த வேண்டியதாயிற்று. பதில்களுக்கு மின்னணுக் கையொப்பமிடும் டிஎன்எஸ்செக் என்ற ஏற்பாட்டின் அவசியம் அதன்பின் பலருக்கும் விளங்கியது.

பொது ரிசால்வரும் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. ஆனால் அது சரிபார்த்துவிட்டு, 'சரிதான்' என்று ஓர் அடையாளத்தை மட்டும் நமக்கு அனுப்புகிறது. அங்கிருந்து நம் சர்வர் வரை வரும் வழியில் அந்த அடையாளத்துக்குப் பாதுகாப்பு இல்லை. ரிசால்வர் நம் இயந்திரத்திலேயே இருந்தால், சரிபார்ப்பதும் நம்புவதும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன.

அஞ்சலுக்கு இது எங்கே தேவைப்படுகிறது? டேன் என்ற முறையில், பெறுபவரின் சர்வர் எந்தச் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்பது டிஎன்எஸ்ஸிலேயே எழுதப்பட்டிருக்கும். நடுவில் யாரும் நுழைந்து கடிதத்தைப் படிக்காமல் தடுக்க இது உதவும். போஸ்ட்ஃபிக்ஸ் இந்த வசதியைத் தருகிறது. ஆனால் இதைப் பயன்படுத்துபவர்கள், கையொப்பத்தைச் சரிபார்க்கும் ரிசால்வரை அதே இயந்திரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதன் வழிகாட்டி சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. யாரிடமிருந்து நமக்குக் கடிதம் வருகிறது, யாருக்கு நாம் எழுதுகிறோம் என்பதை நம் டிஎன்எஸ் கேள்விகளைப் பார்த்தே பெருமளவு ஊகித்துவிடலாம். அந்தப் பட்டியலை முழுவதுமாக ஒரே நிறுவனத்திடம் கொடுத்துவைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

எல்லாக் கேஷும் ஒன்றல்ல

'எங்கள் சர்வரில் கேஷ் இருக்கிறது' என்று பலர் சொல்வார்கள். பார்த்தால் அது ஃபார்வர்டராக இருக்கும். டிஎன்எஸ்மாஸ்க் அப்படிப்பட்டது. உபுண்டுவில் 127.0.0.53 என்ற முகவரியில் இருக்கும் சிஸ்டம்டி ரிசால்வ்டும் அப்படித்தான். இவை பதிலை நினைவில் வைத்துக்கொள்ளும், ஆனால் தாமாகத் தேடிப் போகாது. கேள்வியை இணைய நிறுவனத்துக்கோ பொது ரிசால்வருக்கோ தள்ளிவிடும். தடுப்புப் பட்டியலைப் பொறுத்தவரை இதனால் எந்தப் பயனும் இல்லை, ஏனென்றால் கேட்பவராகத் தெரிவது இன்னும் அந்தப் பொது ரிசால்வர்தான்.

நமக்கு வேண்டியது ரூட்டிலிருந்து தானே தேடும் ரிசால்வர். அன்பவுண்ட், பைண்ட், நாட் ரிசால்வர், பவர்டிஎன்எஸ் ரிகர்சர் ஆகிய நான்கும் இந்த வேலையைச் செய்யும், நான்கும் இலவசம். புதிதாகத் தொடங்குபவருக்கு அன்பவுண்ட் எளிது என்பது நம் அனுபவம். நெதர்லாந்தின் என்எல்நெட் லேப்ஸ் அதை உருவாக்குகிறது. அமைப்பில் எதையும் மாற்றாவிட்டால், அது தன் இயந்திரத்திலிருந்து வரும் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். கேஷுக்கென எடுத்துக்கொள்ளும் நினைவகமும் ஒரு சில எம்பிதான். சிறு சர்வருக்கு இது பாரமே இல்லை.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஒன்று: ரிசால்வர் 127.0.0.1இல் மட்டும் கேட்க வேண்டும். வெளி உலகுக்குத் திறந்துவிடக் கூடாது. திறந்திருக்கும் ரிசால்வர்களைப் பயன்படுத்திப் பிறரைத் தாக்க முடியும். 2013 மார்ச்சில் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் மீதே அப்படி ஒரு பெரும் தாக்குதல் நடந்தது. உச்சத்தில் விநாடிக்கு 300 ஜிகாபிட் அளவுக்குப் போனதாகச் சொல்லப்பட்டது. உலகெங்கும் கவனிப்பாரற்றுத் திறந்து கிடந்த ரிசால்வர்களே அதற்கு ஆயுதமாயின.

இரண்டு: ஃபார்வர்டு செய்யும் வரி எதுவும் அமைப்பில் இருக்கக் கூடாது. சில நிறுவல்கள் தாமாகவே அப்படி ஒரு வரியைச் சேர்த்துவிடும். திறந்து பார்த்துவிடுவது நல்லது.

மூன்று: ரிசால்வ் கான்ஃப் கோப்பில் 127.0.0.1 மட்டும் இருக்க வேண்டும். 'பாதுகாப்புக்கு இருக்கட்டும்' என்று இரண்டாவது வரியில் 8.8.8.8 எழுதிவைப்பவர்கள் அநேகம் பேர். லினக்ஸில் முதல் ரிசால்வர் வழக்கமாக ஐந்து விநாடிக்குள் பதில் தராவிட்டால் கேள்வி அடுத்ததற்குப் போகும். அப்போது ஏதோ ஒரு கடிதத்துக்கு மட்டும் எச்சரிக்கைப் பதில் வந்து, அந்தக் கடிதம் மட்டும் திரும்பும். இப்படி எப்போதாவது நிகழும் கோளாறைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

நான்கு: அந்தக் கோப்பை டிஎச்சிபி போன்ற வேறு மென்பொருள் திருப்பி எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்வர் மறுபடி தொடங்கியபின் ஒரு முறை திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

ஐந்து: சில லினக்ஸ் வகைகளில் போஸ்ட்ஃபிக்ஸின் பகுதிகள் தனிச் சிறை போன்ற ஓர் அடைவுக்குள் ஓடுகின்றன. அதற்குள் ரிசால்வ் கான்ஃபின் பிரதி ஒன்று தனியாக இருக்கும். வெளியே மாற்றினால் மட்டும் போதாது. போஸ்ட்ஃபிக்ஸை மறுபடி தொடங்கி, உள்ளே இருக்கும் பிரதியும் மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

ஆறு: ஃபயர்வாலில் 53ஆம் போர்ட் வழியாக வெளியே போக யூடிபி, டிசிபி இரண்டுக்கும் அனுமதி வேண்டும். பெரிய பதில்கள் டிசிபி வழியாகத்தான் வரும். சர்வரின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். டிஎன்எஸ்செக் கையொப்பங்களுக்குக் காலக்கெடு உண்டு, கடிகாரம் தவறினால் நல்ல பதிலும் செல்லாததாகிவிடும்.

ஏழு: தடுப்புப் பட்டியலின் எந்தப் பதிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது என்பதை வரையறுத்து எழுத வேண்டும். ஸ்பாம்ஹவுஸின் ஜென் பட்டியலுக்கு 127.0.0.2 முதல் 127.0.0.11 வரை வரும் பதில்களை மட்டும் ஏற்கும்படி போஸ்ட்ஃபிக்ஸில் எழுதலாம். சொந்த ரிசால்வர் வைத்திருப்பவர்களும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. ஓஆர்டிபி என்ற தடுப்புப் பட்டியல் 2006 இறுதியில் மூடப்பட்டது. அதன் பிறகும் பலர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2008 மார்ச்சில், கேட்கப்படும் எல்லா முகவரிக்கும் 'பட்டியலில் இருக்கிறது' என்றே அது பதில் சொல்லத் தொடங்கியது. அமைப்பிலிருந்து அதன் பெயரை நீக்காமல் விட்டிருந்த சர்வர்கள் எல்லாக் கடிதங்களையும் மறுத்தன. பிறருடைய பட்டியலை நம்பித் தீர்ப்புச் சொல்பவர், அந்தப் பட்டியல் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதையாவது அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரியாக வேலை செய்கிறதா?

சோதிக்கும் வழி எளிது. ஐபி முகவரிகளுக்கான தடுப்புப் பட்டியல்களுக்கு 2010இல் எழுதப்பட்ட பொது விதிமுறையின்படி, 127.0.0.2 என்ற சோதனை முகவரி எப்போதும் பட்டியலில் இருக்க வேண்டும், 127.0.0.1 ஒருபோதும் இருக்கக் கூடாது. அஞ்சல் சர்வரிலிருந்தே இரண்டையும் கேட்டுப் பாருங்கள். முதலாவதற்குப் பட்டியலில் இருப்பதாகவும், இரண்டாவதற்கு அப்படி ஒரு பெயர் இல்லை என்றும் பதில் வந்தால் எல்லாம் சரி. 127.255.255 என்று தொடங்கும் பதில் வந்தால் கேள்வி இன்னும் தவறான வழியில் போகிறது. இந்தச் சோதனையை ஒரு முறை செய்துவிட்டு மறந்துவிடாமல், நாள்தோறும் தானாக நடக்கும்படி வைத்து, பதில் மாறினால் கைப்பேசிக்குத் தகவல் வரும்படி செய்துகொள்வது நல்லது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கிளவுட் நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுக்கும் சர்வர்களின் ஐபி முகவரிக்கு, அந்த நிறுவனமே வைத்த பொதுவான பெயர் இருக்கும். கேட்பவர் யார் என்று அதிலிருந்து தெரியாது. அப்படிப்பட்ட முகவரியிலிருந்து போகும் கேள்வியையும் ஸ்பாம்ஹவுஸ் மறுக்கக்கூடும். அதற்கு நம் டொமைனின் பெயரையே அந்த முகவரிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அஞ்சல் அனுப்பவும் அது எப்படியும் தேவை. அல்லது அவர்களிடம் பதிவு செய்து தனிச் சாவி ஒன்றைப் பெற்று அதன் வழியாகக் கேட்கலாம்.

ரிசால்வர் நின்றுவிட்டால்?

சிலர் வேண்டாம் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. கவனிக்க வேண்டிய மென்பொருள் ஒன்று கூடுகிறது. அது நின்றால் அஞ்சலும் தடுமாறும். நியாயமான கவலைதான்.

ஆனால் அப்போது என்ன நடக்கும் என்று பார்ப்போம். அனுப்புபவரின் டொமைனைச் சரிபார்க்க முடியாதபோது நன்றாக அமைக்கப்பட்ட சர்வர், 'இப்போது முடியவில்லை, பிறகு வாருங்கள்' என்று தற்காலிகமாக மட்டும் மறுக்கும். அனுப்பிய சர்வர் கடிதத்தை வரிசையில் வைத்திருந்து மீண்டும் மீண்டும் முயலும். குறைந்தது நான்கைந்து நாட்களாவது முயல வேண்டும் என்று அஞ்சல் விதிமுறை சொல்கிறது. ஆகவே ரிசால்வர் ஒரு மணி நேரம் நின்றால் கடிதம் தாமதமாகும், தொலைந்துவிடாது. தவறான பதிலால் நிரந்தரமாகத் திருப்பி அனுப்பப்பட்ட கடிதமோ போனது போனதுதான். மௌனமான ரிசால்வரைவிடத் தவறாகப் பதில் சொல்லும் ரிசால்வர்தான் அதிகம் கெடுக்கும். நின்றால் தானாக மறுபடி தொடங்கும்படி வைத்துவிட்டால் இந்தக் கவலையும் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நினைவில் இருக்கும் பழைய பதிலாலும் சில சமயம் சங்கடம் வரும். ஒரு டொமைன் வேறு சர்வருக்கு மாறியபின், டிடிஎல் முடியும்வரை நம் கேஷ் பழைய இடத்தையே சொல்லும். சொந்தக் கேஷ் என்றால் அந்த ஒரு பெயரை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாகக் கேட்க வைப்பது நம் கையில் இருக்கிறது.

யாருக்குத் தேவையில்லை?

அஞ்சலைப் பெரிய நிறுவனங்களின் சேவையில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. அதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வெளியே அனுப்ப மட்டும், அதுவும் வேறொருவரின் ரிலே சர்வர் வழியாகவே அனுப்பும் இயந்திரத்துக்கும் அவசியம் இல்லை. ஒரே அலுவலகத்தில் பல சர்வர்கள் இருந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ளேயே ஒரு ரிகர்சிவ் ரிசால்வர் போதும். வெளியிலிருந்து நேரடியாகக் கடிதம் வாங்கி, தடுப்புப் பட்டியல்களைக் கேட்டு முடிவு செய்யும் ஒவ்வொரு சர்வருக்கும் அது தேவை.

அன்று நாம் அந்த ஒரு வரியை மாற்றி, அன்பவுண்டை நிறுவி, அதன் வழியாகக் கேட்க வைத்தபோது மாலை நான்கு மணி. பிறகு லாக்கில் இருந்த முகவரிகளை எல்லாம் எடுத்து, திருப்பி அனுப்பப்பட்ட ஒவ்வொருவருக்கும் 'தவறு எங்களுடையது, மீண்டும் அனுப்புங்கள்' என்று எழுதினோம். கடைசி நாளையும் ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொன்னோம். பெரும்பாலோர் மீண்டும் அனுப்பினார்கள். சிலரிடமிருந்து பதில் வரவில்லை. அவர்கள் நம் கடிதத்தைப் பார்த்தார்களா, வேறு எங்காவது விண்ணப்பித்தார்களா என்பது இன்றுவரை தெரியாது.

அஞ்சல் சர்வர் நடத்துவது பிறருடைய அமானிதத்தைக் கையில் வைத்திருப்பது போன்றது. வரும் கடிதத்தை ஏற்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கும்போது, யாரிடம் விசாரிக்கிறோம், அவர் சொல்லும் பதிலை நாம் சரியாகப் புரிந்துகொள்கிறோமா என்பதை உறுதி செய்துகொள்வது நம் பொறுப்பு. நீங்கள் ஒரு அஞ்சல் சர்வரைக் கவனிப்பவராக இருந்தால், இன்றே அதில் 127.0.0.2 சோதனையைச் செய்து பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது.